முதல் சுற்றைத் திரையிலேயே வையுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களின் எச்.ஆர். துறையினருக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மென்ட் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை வீடியோவில் நடந்த முதல் சுற்றிலிருந்தே இனி இன்டர்வியூ நேரில், சென்னையில்தான் என்று உங்களில் சிலரிடமிருந்து மெயில் வரத் தொடங்கியிருக்கிறது.

காரணம் புரிகிறது. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் விடை சொல்லித் தருகிறார், இல்லையென்றால் ஏஐ எழுதித் தருகிறது. அதெல்லாம் நடக்கவே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆனால் இதே சிக்கலுக்குக் கூகுளின் சுந்தர் பிச்சை 2025இல் சொன்னது, குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் இருக்கட்டும் என்பதுதான். அந்த ஒரு சுற்று ஏன் முதல் சுற்றாக இருக்க வேண்டும்?

இங்கிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பையன் என்றால் பொதிகை ரயிலில் அன்ரிசர்வ்டில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவான். பெண் என்றால் கூடவே அப்பாவோ அண்ணனோ. இரண்டு டிக்கெட், குளித்து உடை மாற்ற ஒரு லாட்ஜ் அறை, அப்பாவின் கூலியும் போச்சு. 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது, சரி. அது டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. இவ்வளவும் செய்து, பதினைந்து நிமிடம் பேசி, 'சொல்லி அனுப்புகிறோம்' என்ற பதிலோடு திரும்பினால் அடுத்த தடவை வீட்டில் யார் அனுப்புவார்கள்?

வீடியோ இன்டர்வியூவில் செலவு மிச்சம் என்பது 2020இலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எதிர்பார்க்காதது வேறு. ஒரு மாணவி வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்தாள். அம்மா அடுப்படியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார், அப்பா கதவுக்கு அந்தப் பக்கம். முடிந்ததும் அப்பா எனக்குப் போன் போட்டார்: "மேடம், இவ இப்படிப் பேசுவாளா? எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டாளே!" முழுக்க ஆங்கிலம், அவருக்கு ஒரு வரி புரிந்திருக்காது. மகள் தடுமாறாமல் பதில் சொன்னது புரிந்தது. வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜாதகப் பேச்சை அவரே தள்ளிப்போட்டார். அவள் ஓ.எம்.ஆரில் மூடிய அறைக்குள் பேசியிருந்தால், அவர் கேட்டில் செக்யூரிட்டி பக்கத்தில் நின்றிருப்பார்.

வேலைக்குப் போன பெண்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். மீட்டிங் அறையில் இவர்கள் வாயைத் திறப்பதற்குள் யாராவது குறுக்கே பேசிவிடுவார்களாம். வீடியோவில் மேனேஜருக்கும் புதிதாகச் சேர்ந்தவளுக்கும் ஒரே அளவுக் கட்டம், கீழே பெயர். கையுயர்த்தும் பொத்தானை முதலில் அழுத்தியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சாட்டில் போட்ட யோசனை பெயரோடு நிற்கிறது. அடுத்தவர் எடுத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். (கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது தனிக்கதை.)

ஏமாற்றுதான் கவலை என்றால், முதல் சுற்றை எங்கள் லேபில் வையுங்கள். கல்லூரி சிஸ்டம், பக்கவாட்டில் இரண்டாவது கேமரா, கண்காணிக்க ஆசிரியர்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டர். பெற்றோருக்கு ஜன்னலோரம் நாற்காலி போடுவது எங்கள் பாடு. அதில் தேறியவர்களை மட்டும் சென்னைக்குக் கூப்பிடுங்கள். அந்த அழைப்பைக் காட்டி வீட்டில் பேச எங்களுக்கும் தெம்பிருக்கும்.

சனிக்கிழமைகளில் லேப் காலியாகத்தான் கிடக்கிறது. தேதியைச் சொல்லுங்கள்.