தெரியாத இடத்தில் நிறுத்தியவள்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னோடு படித்தவள் டிவி கேள்வி-பதில் போட்டியில், 1928 ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணிக்கு யார் கேப்டன் என்ற பன்னிரண்டரை லட்ச ரூபாய்க் கேள்விக்கு விடை சொல்லாமல், அதுவரை வென்ற பணத்தோடு நிறுத்திக்கொண்டாளே, அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "என்னம்மா இவ, தியான்சந்த்னு ஒரு அடி அடிச்சிருந்தா பன்னெண்டரை லட்சம்! பயந்துட்டா" என்றாய். அப்போது வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி முதல் தங்கம் வாங்கியபோது கேப்டன் ஜெய்பால் சிங். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காக எழுந்து நின்று பேசினாரே, அவரேதான். தியான்சந்த் அந்த அணியில் ஆடினார், ஆனால் ஒலிம்பிக்கில் அவர் கேப்டனாகப் போனது 1936-ல், பெர்லினுக்கு. நீ சொன்னபடி அடித்திருந்தால் கையில் இருந்த 6,40,000 ரூபாய் 3,20,000 ஆகியிருக்கும்.

பணம் தப்பியது என்பதற்காக நான் பூரிக்கவில்லை. அவள் என்ன சொல்லி நிறுத்தினாள் என்று கவனித்தாயா? "1936-ல தியான்சந்த் கேப்டன், அது எனக்கு நல்லாத் தெரியும் சார். 1928-லயும் அவர்தானான்னு தெரியாது. பெரிய பேருங்கறதுக்காகச் சொல்லக் கூடாது" என்றாள். கூட்டம் முழுக்க அவளைத் தூண்டுகிறது, நடத்துகிறவர் இன்னொரு தடவை யோசிக்கச் சொல்கிறார், உதவி எல்லாம் தீர்ந்துவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமா? இத்தனை வருஷம் சமூக அறிவியல் எடுத்தவள் சொல்கிறேன், பிள்ளைகளிடம் நான் வேண்டியதெல்லாம் இதுதான்.

அதற்கு முன்னால் வந்த அணைக் கேள்வியை எல்லோரும் சுலபம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிசு. மேட்டூர், வைகை, பவானிசாகர், சாத்தனூர், இதில் எது முதலில் கட்டியது? அவளுக்கு மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் ஞாபகம் வரவில்லை. 1934 என்று நான் இங்கே வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என்ன செய்தாள்? வைகை அணையைக் காமராஜர் 1959-ல் திறந்தார் என்று ஆரம்பித்தாள். பவானிசாகரும் சாத்தனூரும் அவர் முதலமைச்சராக இருந்தபோது முடிந்தவை என்று அடுத்து ஒதுக்கினாள். அப்புறம், "மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லின்னு பேரு. அது வெள்ளைக்கார கவர்னர் பேரு. அப்ப சுதந்திரத்துக்கு முன்னாடி கட்டினதாத்தான் இருக்கணும்" என்றாள். வருஷம் தெரியாமலே விடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் தம்பி! நான் எழுந்து நின்று கைதட்டினேன். அப்பாதான் என்னை உட்கார வைத்தார்.

ஒன்பதாவது படிக்கும்போது உங்கள் எல்லோரையும் வைகை அணைக்குக் கூட்டிப் போனேனே, காமராஜர் திறந்தது அங்கே வைத்துச் சொன்னதுதான். நீங்கள் எல்லாம் பூங்காவுக்கு ஓடினீர்கள். அவள் என் பக்கத்திலேயே நின்று மதகு எப்படித் திறக்கும், தண்ணீர் எந்த ஊருக்கெல்லாம் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஏலக்காய் எடுக்க விடியும் முன்னால் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்குப் போய்விடுவார். தன் தம்பிக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கூடம் வருவாள். முதல் பீரியட் பாதியில் வந்து நிற்பாள், அப்புறமும் விட்ட பாடத்தைக் கேட்காமல் போக மாட்டாள்.

தெருவில் எல்லோரும் தொகையைத்தான் கேட்கிறார்கள். அதில் 30 சதவீதத்துக்கு மேல் வரியாகப் பிடித்துவிடுவார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 2020-ல் கோடீஸ்வரி நிகழ்ச்சியில் நம் மதுரை கௌசல்யா கார்த்திகா 1 கோடி வென்றாரே, அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். காது கேளாத, வாய் பேச முடியாத அந்தப் பெண் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லி முடித்ததைப் பார்த்து அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெருமை வேறு, இது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

டிவியில் என் பேரைச் சொல்லவில்லையே என்று அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு அப்படி இல்லை. அணைக் கேள்வியை அவள் பிரித்த விதத்திலேயே எங்கள் வகுப்பு இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் போகிறேன். மாலை, பொன்னாடை எல்லாம் சீக்கிரம் முடியட்டும். அந்த அணைக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, எப்படி யோசித்தாள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார்.

அதற்கு முன்னால் நீ அவளுக்கு ஒரு போன் பண்ணு. நம்பர் அப்பா அனுப்புவார். ஒன்றாகப் படித்தவன் கூப்பிட்டால் அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும். விட்டுப்போன பன்னிரண்டரை லட்சத்தைப் பற்றிப் பேசாதே. ஜெய்பால் சிங்கைப் பற்றி அவளுக்குச் சொல், கட்டாயம் மேற்கொண்டு கேள்வி கேட்பாள்.

அன்புடன்,
அம்மா