ஈரத் தலையும் புத்தாண்டுக் குளியலும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். தை இதழில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வரவில்லை. "குளிருக்கு அஞ்சாத இத்தாலியர்கள் ஜனவரி 1ஆம் திகதி குடும்பம் குடும்பமாகக் கடலில் முழுகிப் பாவத்தைக் கழுவுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறது. 'நம் ஆடி அமாவாசை போல' என்று பக்கத்தில் ஒரு விளக்கம் வேறு.

குளிருக்கு அஞ்சாத இத்தாலியர்கள்! ஐயா, நான் பலேர்மோவுக்கு வந்து 26 வருடமாகிறது. அதில் 11 வருடம் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு ஈரத் தலையோடு பஸ் ஏறிப் போவேன். கதவைத் திறக்கும்போதே அந்த அம்மாவின் கையில் ஹேர் டிரையர் இருக்கும். நான் சப்பாத்தைக் கழற்ற முதல் பிடரியில் சூட்டுக் காற்று அடிக்கும். 'கொல்போ தாரியா' பட்டுவிடுமாம், அதாவது காற்றடி. கழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். மே மாதத்திலும் இதே கூத்துத்தான். வெயில் கொளுத்துகிற ஆகஸ்டிலும், சாப்பிட்டு மூன்று மணி நேரம் போகாமல் பிள்ளையைக் கடலில் கால் நனைக்க விடாத தாய்மாரின் நாடு இது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைத் தங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க மாட்டார். எட்டு நாளில் எதைத்தான் பார்ப்பது, பாவம்.

அப்போது புத்தாண்டில் இறங்குவது யார்? ஒரு கைப்பிடி ஆட்கள். சிஞ்ஞோராவின் தம்பி அதில் ஒருவர், எழுபது தாண்டியவர். ஒரு வருடம் மொந்தெல்லோ கடற்கரைக்கு நானும் கூடப் போனேன். மனிதர் நாலு எட்டு ஓடி, விழுந்து, ஒரு கெட்ட வார்த்தையோடு எழும்பினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. சிஞ்ஞோரா தடித்த கோட்டுப் போட்டபடி, துவாய் அங்கியை இரண்டு கையாலும் விரித்து, கோழி பிடிக்கப் போகிறவர் மாதிரி குனிந்து நின்று "பைத்தியம், பைத்தியம்" என்று கத்திக்கொண்டிருந்தார். பிளாஸ்கில் இருந்த சூப்பை நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் பல் கோப்பையில் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பாவமா கழுவினார்? முதல் நாள் இரவு தின்ற பருப்பும் பன்றிச் சொசேஜும் வேண்டுமானால் கரைந்திருக்கும். கரையில் நின்று பார்த்தவர்கள்தான் அதிகம். குளிருக்கு அஞ்சாத ஊரில் இதைப் பார்க்க யார் வருவார்கள், சொல்லுங்கள்.

வடக்கே லிகூரியாக் கரையில் இதற்கு 'சிமெந்தோ' என்று பேர். நம் சீமெந்து இல்லை, சோதனை, சவால் என்று அர்த்தம். பேரிலேயே இருக்கிறது பயம். வருடத்தின் உண்மையான முதல் கடல் குளியலைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள், இந்த இரண்டு விடுமுறைகளை ஒட்டித்தான் சனம் கடலில் இறங்கத் தொடங்கும். அடுத்த நாள் பஸ்ஸில், கடையில், "நான் முதல் குளியல் போட்டாயிற்று, நீ?" என்று ஒரே பெருமை.

அப்புறம் அந்தப் படம். 'ரோமில் கடலில் பாய்கிறார்' என்று கீழே போட்டிருக்கிறீர்கள். ரோம் நகரம் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அது தைபர் ஆறு, காவூர் பாலம். 1946 புத்தாண்டில் அங்கிருந்து முதலில் பாய்ந்தவர் ரிக் தெ சொனாய். தண்ணீரிலிருந்து எழும்பிக் கையால் ஓகே காட்டியதால் 'மிஸ்டர் ஓகே' ஆனார். பிறகு மௌரிசியோ பல்முல்லி வருடக்கணக்காகப் பாய்ந்தார். ஏறக்குறைய 18 மீற்றர் உயரம். சிஞ்ஞோராவும் நானும் மிச்சப் பருப்பைச் சூடாக்கித் தின்றபடி தொலைக்காட்சியில் பார்ப்போம். அவர் ஒவ்வொரு வருடமும் கண்ணைப் பொத்திக்கொள்வார்.

சரி, தங்கள் இதழுக்கு இது புதிதல்ல. நாலு வருடத்துக்கு முன், இங்கே பெல்லெக்ரினோ மலையில், பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறும் எங்களை 'மதம் மாறிய தமிழர்' என்று எழுதினீர்கள். நான் திருநீறு பூசிக்கொண்டுதான் ஏறுகிறேன். அங்கே என்னோடு ஏறுகிற சைவச் சனம் எத்தனையோ. எங்களுக்கு அவரும் ஒரு அம்மன். அன்று நாலு பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரு வரி வரவில்லை. அடுத்த இதழில் 'வாசகர் கடிதங்களே எங்கள் மூச்சு' என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். மூச்சு முட்டிவிட்டது போலும்.

இந்தக் கடிதத்தை முழுக்கப் போடச் சொல்லவில்லை, இடம் இருக்காது என்பது தெரியும். அந்தப் படத்துக்குக் கீழே 'கடல்' என்பதை 'தைபர் ஆறு' என்று திருத்தி ஒரு வரி போட்டால் போதும்.

மார்கழி இதழ் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. சந்தா ஆவணியிலேயே கட்டியாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் பழைய சந்தாதாரி,
பலேர்மோ