மூன்றாவது மாடி ஏன் பூட்டிக் கிடக்கிறது?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய் மேலே காட்டி, “அந்த மாடி ஏன் பூட்டிக் கிடக்கிறது?” என்று கேட்டார். மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அரைகுறைப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. நம் கட்டடத்தை நான்கு சிறு பள்ளிகளாகப் பிரிக்கும் யோசனை இப்போது கல்வி வாரியத்தின் முன் இருப்பதால், முழுப் பதிலையும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821இல் பாஸ்டனில் தொடங்கியது. வரிப்பணத்தில் இப்படிப் பள்ளி நடத்தலாமா என்ற வழக்கில், நடத்தலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1874இல் தீர்ப்பளித்தது. 1910இல் இளைஞர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் உயர்நிலைப் படிப்பை முடித்தார்கள். 1940இல் ஏறக்குறைய பாதிப் பேர். இடைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளில் நகரங்கள் இத்தகைய பெரும் கட்டடங்களை எழுப்பின. நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் பள்ளியில் 1930களில் சுமார் 12,000 பேர் படித்தார்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அங்கே படித்தவர். லத்தீன் வகுப்பும் கடைசல் பட்டறையும் இசைக்குழுவும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். அளவுதான் இந்தப் பள்ளிகளின் செல்வம்.

அந்தச் செல்வம் தானாகக் கரையவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மத்திய அரசின் உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் புறநகர்களுக்குப் பாய்ந்தது. வெள்ளையருக்கு அது எளிதில் கிடைத்தது. கறுப்பர் வாழ்ந்த தெருக்கள் வரைபடத்தில் சிவப்பாகக் குறிக்கப்பட்டு, கடன் மறுக்கப்பட்டது. குடும்பங்கள் போயின, அவர்கள் கட்டிய சொத்து வரியும் போனது. பள்ளியின் உள்ளூர் வருமானத்தில் பெரும்பங்கு அந்த வரிதான். இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து டெக்சாஸின் சான் அன்டோனியோ பெற்றோர் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தள்ளியது. டெட்ராய்ட் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் திட்டத்தை அடுத்த ஆண்டே தடுத்தது. இரண்டிலும் நீதிபதிகளின் வாக்கு ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

ஆகவே, “அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சரியில்லை” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். எல்லைக்கோடு போட்டவர்கள் பிள்ளைகள் அல்லர்.

எங்கள் பங்கும் உண்டு. எண்ணிக்கை குறையக் குறைய இசையை நிறுத்தினோம், பிறகு பட்டறையை மூடினோம். அவற்றுக்காகவே வந்துகொண்டிருந்த பிள்ளைகளும் வேறு பள்ளிகளைத் தேடிப் போனார்கள். நான் இன்னும் உரக்கப் போராடியிருக்க வேண்டும்.

சிறு பள்ளிகளை நான் பழிக்கவில்லை. 2002க்குப் பின் நியூயார்க் பல பெரிய பள்ளிகளை மூடிச் சிறு பள்ளிகளைத் திறந்தது. அவற்றில் படிப்பை முடித்தவர்களின் விகிதம் உயர்ந்தது. ஆனால் அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் மிஞ்சிய பெரிய பள்ளிகளில் நெருக்கியடித்துச் சேர்ந்தார்கள். ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகளும் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு வாரியம் எழுத்தில் பதில் தரட்டும். அதற்கு முன் பிரிவினைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வரும் வியாழன் மாலை 6 மணிக்குக் கூட்டம், நம் பள்ளி அரங்கிலேயே. கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள்; பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஐந்து மணியிலிருந்து மூன்றாவது மாடியைத் திறந்து வைத்திருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்