மழை விட்ட நேரத்தில் நடந்த கண்காட்சி: ஒரு நன்றி மடல்

பணியில் இருந்த வானிலையாளர் அம்மா அவர்களுக்கும், அந்த இரண்டு நாளும் எங்களோடு நனைந்த அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி முடிந்து மூன்று நாள் ஆகிறது. கூடாரத்தின் ஈரக் கயிறுகள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் திறந்தவெளியில் வைத்திருந்த 200க்கும் மேற்பட்ட ஓவியங்களில் ஒன்றுகூட நனையவில்லை. நீர்வண்ணத்தில் வரைந்த படத்தின் மேல் ஒரு சொட்டு மழை விழுந்தால் வானமும் வீடும் ஒன்றாகக் கரைந்து வழியும். அப்படி வழிவதைப் பார்த்து நிற்கும் குழந்தையின் முகத்தை இந்த ஆண்டு நாங்கள் பார்க்க நேரவில்லை. அதற்குக் காரணமானவர்களுக்குத்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு அந்த முகங்களைப் பார்த்தோம். கைபேசித் திரையில் தெரிந்த சூரியனை நம்பிக் கூடாரம் போட்டோம். பிற்பகலில் திடீரென்று வீசிய காற்றில் கூடாரம் கவிழ்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பாதி ஓவியங்கள் சேற்றில் கிடந்தன. ஒரு முழு நாளை ஒற்றைச் சின்னப் படத்துக்குள் அடக்கிவிட முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அதனால் இந்த முறை வியாழக்கிழமை மாலையே வட்டார வானிலை அறிக்கையை வரி விடாமல் படித்தோம். 'வார இறுதியில் இந்தப் பருவத்துக்கு வழக்கமானதைவிடக் குளிர் கூடுதலாக இருக்கும். பலத்த காற்று வீசும். விட்டு விட்டு மழை பெய்யும். சனிக்கிழமை பிற்பகல் சில இடங்களில் இடியுடன் சிறு ஆலங்கட்டியும் விழலாம். ஞாயிறு மதியத்துக்குப் பின் படிப்படியாகக் குறையும்' என்று இருந்தது. குழுவில் பாதிப் பேர், நிகழ்ச்சியைத் தள்ளிப்போடலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; சென்ற ஆண்டின் சேற்றைத் தங்கள் கையால் கழுவியவர்கள் அவர்கள்தான்.

அம்மா, அப்போதுதான் உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். 'மழை வருமா, வராதா?' என்று மட்டும்தான் கேட்டேன். நீங்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குளிர்முகம், அதாவது வெப்பக்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் குளிர்காற்றின் விளிம்பு, கடந்து போன பிறகு மேலே என்ன நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிர்காற்று தங்கியிருக்கிறது. கீழேயோ வசந்தகால வெயிலுக்கு நன்றாகவே பலம் வந்துவிட்டது. வெயிலில் சூடான தரைக்காற்று குமிழி குமிழியாக மேலே கிளம்பும். சுற்றிலும் இருக்கும் காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். மேகமாகத் திரண்டு, கொட்டி, ஓயும். ஒரு மேகத்துக்கும் அடுத்த மேகத்துக்கும் நடுவில் காற்று கீழே இறங்குவதால் அங்கே நீல வானம் தெரியும்.

'இந்த மழைக்கு வெயில்தான் அடுப்பு. காலையில் அடுப்பு பற்றவைத்திருக்காது, மாலையில் அணைந்துவிடும்' என்று நீங்கள் சொன்னதை அப்படியே குழுவில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் திட்டம் பிறந்தது. சனிக்கிழமை காலை ஏழரைக்கே கண்காட்சியைத் திறப்பது, பகல் பதினொன்றரைக்கு மூடுவது, ஓவியங்களைப் பக்கத்துக் கட்டடத்தின் கூடத்துக்கு மாற்றுவது, ஞாயிறு காலை மறுபடி கட்டுவது என்று முடிவு செய்தோம்.

காற்றைப் பற்றியும் நீங்கள் எச்சரித்தீர்கள். சராசரி வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர்தான். ஆனால் மழைமேகத்துக்கு அடியில் மேலே உள்ள வேகமான காற்றும் சேர்ந்து இறங்குவதால் சில நிமிடங்களுக்கு 60ஐத் தாண்டலாம் என்றீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்று சொன்னபோது, சென்ற ஆண்டு எங்கள் கூடாரத்துக்கு நேர்ந்தது என்ன என்பது விளங்கியது.

இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்களிடம் காற்றுமானி கிடையாது. அவர் பியூஃபோர்ட் அளவீட்டை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் வாசலில் நின்றார். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவீடு அது. கருவி இல்லாமல், கண்ணால் பார்ப்பதைக் கொண்டே காற்றை எடைபோட உதவுவது. இலையுள்ள சிறு மரங்கள் ஆடினால் ஐந்து. பெரிய கிளைகள் அசைந்து, கம்பிகள் சீழ்க்கையடித்து, குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் ஆறு. முழு மரமே ஆடி, எதிர்க்காற்றில் நடப்பது கடினமானால் ஏழு, அதாவது மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர். ஆறு வந்ததும் பக்கத் துணிகளைச் சுருட்டுவது, ஏழு வரும் முன் கூடாரத்தை இறக்குவது என்று பந்தல்கார அண்ணன்களோடு பேசி வைத்திருந்தோம். 'ஐந்து!' என்று ஐயா குரல் கொடுத்தால் குழந்தைகளும் சேர்ந்து 'ஐந்து!' என்பார்கள். பத்தரை மணிக்கு 'ஆறு!' என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கையும் கயிற்றுக்குப் போனது.

பதினொன்று பத்துக்கு உங்கள் அழைப்பு வந்தது, அம்மா. 'ரேடாரில் ஒரு மழை வரிசை தெரிகிறது, உங்களிடம் வர அரை மணி நேரம்கூட ஆகாது, இப்போதே இறக்குங்கள்' என்றீர்கள். பந்தல்கார அண்ணன்கள் கம்பங்களைப் பிடித்துக்கொள்ள, பெற்றோர்கள் ஓவியங்களைக் கழற்ற, குழந்தைகள் கூடம் வரைக்கும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். கூடத்துச் சாவியை வைத்திருந்த காவலாளி அண்ணன் விடுமுறை நாளிலும் வந்து கதவை விரியத் திறந்து வைத்திருந்தார். கடைசி ஓவியம் உள்ளே போன பின் நான் வெளியே நின்று பார்த்தேன். மேற்கே மேகத்தின் அடிப்பகுதி மை பூசியதுபோல் இருந்தது. காற்று சட்டென்று நின்றது. ஓர் இலைகூட அசையவில்லை. அடுத்த கணம் கதவைத் திறந்ததுபோல் ஒரு குளிர் முகத்தில் அறைந்தது. மண் வாசனை எழுந்தது, பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன, பிறகு பட்டாணியைவிடச் சிறிய வெள்ளை மணிகள் புல்லில் விழுந்து துள்ளின. இறக்கிப் போட்டிருந்த கூடாரத் துணிமேல் அந்த மணிகள் தட்டிய ஓசை இன்னும் காதில் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் வெயில் வந்துவிட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எதிர்பாராமல் ஒரு தூறல் விழுந்தது. 'அறிக்கை பொய்த்துவிட்டதே' என்று சிலர் சொன்னார்கள். பொய்க்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். காலையில் மழைக்கு வாய்ப்பு 20 சதவீதம் என்று அறிக்கையில் இருந்தது. இதே போன்ற பத்து நாள்களில் இரண்டு நாள் நம் இடத்தில் மழை விழும் என்பதுதான் அதன் பொருள். அந்த இரண்டில் ஒன்று நமக்கு வாய்த்தது. அந்த எண்ணைப் பார்த்திருந்ததால்தான் பிளாஸ்டிக் உறைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறீர்களே, அதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

உங்களுக்குப் பின்னால் நாங்கள் பார்க்காத எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். உலகெங்கும் ஒரே நேரத்தில் நாளுக்கு இரண்டு முறை பலூன் பறக்கவிடுபவர்கள், 30 கிலோமீட்டர் உயரம் வரை அது அனுப்பும் அளவுகளைச் சேகரிப்பவர்கள், ரேடாரைப் பழுது பார்ப்பவர்கள், கப்பல் தளத்தில் நின்று காற்றழுத்தம் குறிப்பவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். 1861இல் பிரிட்டனின் வானிலைத் துறைத் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் முதன்முதலாகப் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பைச் செய்தித்தாளில் வெளியிட்டபோது அவரிடம் இருந்தவை தந்தியில் வந்த சில ஊர்களின் அளவுகள் மட்டுமே. அதற்கு இரண்டு ஆண்டு முன் ஒரு புயலில் கப்பல் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் மாண்டது அவரை உலுக்கியிருந்தது. மனிதரைக் காப்பதற்காகத் தொடங்கிய வேலை இது. உங்கள் தொலைபேசிக் குரலில் அந்த அக்கறை எங்களுக்குக் கேட்டது.

இன்னும் ஒருவருக்கு நன்றி பாக்கி இருக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி இருந்தாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் உடம்புக்கு 6 டிகிரி போலத்தான் படும். அதை யோசிக்காமல் மெல்லிய சட்டையோடு வந்த தாத்தா பாட்டிகளுக்குத் தன் வீட்டிலிருந்து கை நிறையக் கம்பளிகளை அள்ளிவந்த அக்காவே, உங்கள் பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். நான்கு கம்பளிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். கூடத்தில் மறந்துபோன ஏழு குடைகளும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்குக் கம்பி வளைந்திருக்கிறது, நிமிர்த்தித் தருகிறோம்.

அம்மா, இந்த மடலோடு ஓர் ஓவியமும் வருகிறது. சனிக்கிழமை கூடத்தின் சன்னலோரம் நின்று ஆலங்கட்டி விழுந்ததைப் பார்த்த எட்டு வயதுச் சிறுமி அன்று மாலையே வரைந்தது. மேகத்துக்குக் கீழே ஓர் அடுப்பு எரிகிறது. உங்களுக்குத்தான் தர வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
ஓவியக் கண்காட்சிக் குழுவினர் சார்பில், ஒருங்கிணைப்பாளர்