மிஷின் பாடவில்லை, மனிதர்கள் பாடினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டனின் குவீன் ராக் குழுவின் 'பொஹீமியன் ராப்சோடி' பாட்டைப் பற்றிய கட்டுரையில், நடுவில் வரும் கோரஸ் கம்ப்யூட்டர் செய்த மாயம் என்று ஒரு வரி இருந்தது. என் பேரன்தான் அதை வாசித்துக் காட்டினான். "மிஷின்தான் பாடிச்சா தாத்தா?" என்று கேட்டான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1975-இல் பாட்டுப் பதிய ஏது ஐயா கம்ப்யூட்டர்? மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்கூட இல்லை என்று அந்த ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரும் மணிக்கணக்கில் பாடிப் பாடி அடுக்கிய குரல்கள் அவை. அந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. டேப்பில் தனித்தனியாகப் பதியும் தடங்களான 24 டிராக்கும் போதாமல், பதிந்ததைச் சேர்த்துச் சுருக்கி, மேலே மறுபடியும் பாடினார்கள். டேப் ஓடி ஓடித் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம்.

நான் அதை நம்புகிறேன். 22 வருஷம் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் ஓட்டியவன் நான். டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைத்த பஞ்சில் பழுப்புத் தூள் அப்பியிருக்கும். டேப்பின் பூச்சு அது; அது உதிர உதிர, பதிந்த பாட்டும் கூடவே போகும். பிளேடால் டேப்பைச் சாய்வாக வெட்டி ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

உங்களிடம் இது முதல் தடவையும் அல்ல. ஒலிப்பதிவாளர்களைப் பற்றி போன வருஷம் நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இசைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், இப்போது ஒன்றுதான். பாடகர் பெயர் போடுகிறீர்கள், பதிவு செய்தவர் பெயரை ஒரு தடவையாவது போட்டதுண்டா? இந்தக் கட்டுரையிலும் தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கர் இல்லை. ஆறு நிமிஷப் பாட்டு ரேடியோவுக்கு ஆகாது என்று இசைத்தட்டுக் கம்பெனி தயங்கியபோது, லண்டன் கேபிடல் ரேடியோவில் ஒரே சனி, ஞாயிறில் 14 முறை போட்ட அறிவிப்பாளர் கெனி எவரெட்டும் இல்லை. அந்தப் பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம், ஃப்ரெடி இறந்த 1991-இல் மறுபடியும் முதலிடம். நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் படித்த பார்சிப் பையன் ஃப்ரெடி. இதெல்லாம் தாங்கள் அறியாததா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், பேக்கரின் பெயரோடு. பேரனிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவு உதவியாளர்,
கோடம்பாக்கம்.