கணுக்காலுக்குப் பாலிசி உண்டு, வயிற்றுக்கு இல்லை

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,
ஹைதராபாத்.

வணக்கம்.

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வங்கியில் கவுன்டரில் உட்காருகிறவள். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பொடி எழுத்தைப் படிங்க" என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். ஆகவே படிக்காமல் ஏமாந்துவிட்டேன் என்று அழ வரவில்லை. படித்துவிட்டுத்தான் பாலிசி எடுத்தேன். படித்தாலும் பிடிபடாத வாசகத்தை விற்க முடிகிறதே, அதற்காகத்தான் இந்த மடல்.

நிறைமாதத்தை நெருங்கும் பெண் விமானம் ஏறினால் பயணக் காப்பீடு அவளை எப்படி நடத்தும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விபத்து என்றால் பணம், "கர்ப்பத்துடன் தொடர்புடைய" செலவு என்றால் கைவிரிப்பு. அதற்கு மேல் விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பிக்கு சிங்கப்பூரில் வேலை, பெண்ணும் அந்த ஊர். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் கல்யாணம். முகூர்த்தத்தன்று எனக்கு 29 வாரம். வளைகாப்பு வளையல்கூட இன்னும் கையில் இருக்கிறது, கடல் தாண்டுவதா என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். ஆனால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். நாத்தனார் முடிச்சை வேறு யார் போடுவது? ஒரே குழந்தை, பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, தாராளமாகப் போய்வரலாம் என்று டாக்டரம்மா சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். விமான நிறுவனமும் அதைப் பார்த்து மறுபேச்சில்லாமல் சீட்டுக் கொடுத்தது. 28 வாரத்துக்கு மேல் சான்றிதழ் கேட்பதும், சிக்கலில்லாத ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரை ஏற்றிக்கொள்வதும் பல விமான நிறுவனங்களின் வழக்கம். ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கு வாரக்கணக்கு தெரிகிறது. தரையில் உட்கார்ந்து பாலிசி எழுதுகிறவர்களுக்குத்தான் கர்ப்பம் என்ற ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது.

பணம் கட்டும் முன்னால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "பாலிசி எடுத்துக்கலாம் மேடம், பிரெக்னன்சி சம்பந்தமா மட்டும் கவர் ஆகாது" என்றார் ஒரு தம்பி. "கீழே விழுந்துட்டா?" என்று கேட்டேன். "அது விபத்துதானே மேடம், கண்டிப்பா கவர் ஆகும்" என்றார். மனம் சமாதானமாகி அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை. தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டு அடுக்குமாடிக்குத் திரும்பியபோது கீழ்ப்படியில் கால் வழுக்கிற்று. வயிறு அடிபடக் கூடாதென்று உடம்பை முறுக்கியதில் பாரமெல்லாம் வலது கணுக்காலில் இறங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. எலும்பில் மெல்லிய கீறல், கட்டுப் போட்டார்கள். அதோடு விடவில்லை. இந்த மாதத்தில் விழுந்தால் நஞ்சுக்கொடி விலக இடமுண்டு, வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பார்க்காமல் அனுப்ப மாட்டோம் என்றார் அங்கிருந்த டாக்டர். வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டி மெஷினில் மாட்டினார்கள். இரவு முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பு குதிரை ஓடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. பட்டை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நர்ஸ் வந்து சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தப் பாலிசியிலும் இழப்பீடு கேட்க மாட்டேன்.

மறுநாள் காலை முகூர்த்தம் நடந்தபோது நான் அந்தப் பட்டைகளோடு படுத்திருந்தேன். சித்தி மகள் முடிச்சுப் போட்டாள். வீடியோ காலில் பார்த்தேன்.

பில் 2,900 சிங்கப்பூர் டாலருக்கு மேல். ஊர் திரும்பி எல்லாக் காகிதத்தையும் அனுப்பிய ஆறாவது வாரம் பதில் வந்தது. எக்ஸ்ரேக்கும் கட்டுக்குமான 340 டாலரை ஏற்றுக்கொண்டார்கள். அதிலும் பாலிசி எடுத்தவரே ஏற்க வேண்டிய முதல் 100 அமெரிக்க டாலர் கழியும். மீதியெல்லாம், அதாவது வார்டு, ஸ்கேன், இரவு முழுக்கக் கேட்ட அந்த மெஷின், எல்லாம் "கர்ப்பத்துடன் தொடர்புடைய செலவு" என்பதால் நிராகரிப்பு. ஒரே படி, ஒரே வழுக்கல், ஒரே உடம்பு. கணுக்கால் விழுந்தது விபத்து, வயிறு விழுந்தது கர்ப்பம்!

போன் செய்து கேட்டபோது ஒரு மேலாளர் அம்மையார், "இந்த நிலைமைல ஏன் மேடம் டிராவல் பண்ணீங்க?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம், பரீட்சைக்குப் போவோம், விசா கிடைத்த தேதியில் புருஷனிடம் போவோம். மகப்பேறு விடுப்புக்கான சட்டம் 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம்தான் எடுக்க விடுகிறது. அப்படியென்றால் 32-ஆம் வாரம் வரை நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. வேலை என்றால் சில பேருக்கு அது வெளிநாட்டிலும் இருக்கும்.

ஐயா, அம்மா, நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். "கர்ப்பத்துடன் தொடர்புடைய" என்ற சொல்லுக்கு எல்லை போடுங்கள். எல்லையில்லாத வரை வயிற்றுக்குள் குழந்தை இருக்கிற ஒருத்திக்கு எதுதான் தொடர்பில்லாதது? அப்பெண்டிக்ஸ் வந்தால் பக்கத்தில் மகப்பேறு டாக்டர் நிற்பார். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நீர் வற்றினாலும் முதலில் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் தொடர்பு என்று தள்ளலாம்.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. 2019-ல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளுக்கு, அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதற்கு, நீங்களே ஒரே மாதிரி வாசகம் எழுதிக் கொடுத்தீர்கள். அதில் 18-ஆம் எண் மகப்பேறு. கருப்பைக்கு வெளியே கரு தங்கினால் விலக்கு கிடையாது, விபத்தால் கரு கலைந்தால் விலக்கு கிடையாது என்று தெளிவாக எழுதினீர்கள். விபத்து வேறு, மகப்பேறு வேறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதலைத் தொடங்கும்போதே வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டை வெளியே நிறுத்திவிட்டீர்கள். திருச்சி விமான நிலையம் தாண்டியதும் அந்தத் தெளிவு ஏன் காலாவதியாகிறது என்று பணிவுடன் கேட்கிறேன்.

காப்பீட்டுக்காரர்கள் கட்டுப்படியாகாது என்பார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு அரசு கட்டாயமாக்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் அதை மாற்றியமைத்தபோது இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான். அதில் பெண்களுக்கு மகப்பேறுச் செலவாக 50,000 ரூபாய் வரை உண்டு. தொகை பெரிதில்லைதான். ஆனால் வீட்டு வேலைக்குக் கடல் தாண்டுகிறவளுக்கு எழுத முடிந்த ஒரு வரி, எனக்கு விற்ற பாலிசியில் மட்டும் எப்படி எழுத முடியாததாகிறது? பிரிட்டனில் விற்கும் பல பயணப் பாலிசிகள் கர்ப்பத்தை நோயாகப் பார்ப்பதில்லை. எந்தெந்தச் சிக்கல் வந்தால் பணம் தருவோம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகின்றன.

இங்கேயும் பட்டியல் போடத் தெரியாமல் இல்லை. பெட்டி தாமதமாக வந்தால் பணம். ஊரில் இல்லாதபோது வீட்டில் திருடு போனால் பணம். கோல்ஃப் ஆடி ஒரே அடியில் பந்தைக் குழியில் தள்ளிவிட்டால் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடுகிற செலவுக்குக்கூடப் பணம் தருகிற பயணப் பாலிசிகள் நம் நாட்டில் விற்றிருக்கின்றன. காவிரிக் கரையில் எங்களுக்கெல்லாம் கோல்ஃப் மட்டை ஏது? பிள்ளைதான் பெறுகிறோம். ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு காட்டச் சொல்கிறார்கள். ஏழு மாதக்காரி அதற்காக வாங்கும் பாலிசியிலும் அவளுக்கு வர வாய்ப்புள்ள ஆபத்து மட்டும் விலக்கில் இருந்தால், அந்தக் காகிதம் யாருக்காக? தூதரகத்தின் ஃபைலுக்காகவா?

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். "கர்ப்பத்துடன் தொடர்புடைய" என்பதற்கு எல்லை போடுங்கள். விபத்துக்குப் பிறகு குழந்தையைப் பரிசோதிப்பது விபத்துச் சிகிச்சையே என்று எழுதுங்கள். டாக்டர் சான்றிதழோடு 36 வாரம் வரை பறக்கிறவளுக்கு, திடீர்ச் சிக்கல்களுக்கான பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியத்திலாவது விற்கச் சொல்லுங்கள். சும்மா கேட்கவில்லை, காசு கட்டுகிறோம். குறைமாதத்தில் பிறந்துவிட்டால் பாலிசியில் பெயரே இல்லாத அந்தப் பிள்ளையின் இன்குபேட்டர் செலவு யாருடையது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடச் சொல்லுங்கள். எங்கள் தலையில்தான் என்றாலும் சரி, ஏறுவதற்கு முன்னால் தெரிந்தால் போதும்.

என் மீதித் தொகைக்காகச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். அது தனி, இந்த மடல் அதற்கானதல்ல. அன்றிரவு குதிரைபோல் ஓடியவள் மூன்று மாதக் குழந்தையாக இப்போது மடியில் தூங்குகிறாள். கணுக்காலும் ஆறிவிட்டது.

எங்கள் கிளையில் என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி மார்ச்சில் துபாய் போகிறாள். அப்போது அவளுக்கு 30 வாரம் இருக்கும். "எந்தப் பாலிசி எடுக்கட்டும் அக்கா?" என்று கேட்டாள். ஹைதராபாத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
பிரீமியம் கட்டிய பயணி ஒருத்தி,
கும்பகோணம்.