வெள்ளி இரவு 8 மணி: குழு அழைப்பில் ஜெபமாலை

மரியே வாழ்க! விசுவாசத்துக்காகத் துன்பப்படும் கத்தோலிக்கரோடு சேர்ந்து மன்றாட, புதுச்சேரி அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) எல்லோரும் வரவும். வெள்ளி என்பதால் துயர மறைபொருள்கள் (இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் ஐந்து பத்துகள்). ஒரு பத்துக்கு (பத்து முறை ‘அருள் நிறைந்த மரியே’) 4 நிமிடம், மன்றாட்டும் சேர்த்தால் அரை மணி.

முதல் பத்து ஒடிசா கந்தமாலில் 2008 வன்முறையில் துன்பப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு. இரண்டாவது இலங்கை: 2019 ஈஸ்டரன்று கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டி கோவிலிலும் குண்டுவெடிப்பில் இறந்தவர்கள். மூன்றாவது நைஜீரியாவின் ஓவோ, 2022 பெந்தகோஸ்து ஞாயிறன்று கோவிலில் நடந்த தாக்குதலில் இறந்தவர்கள். நான்காவது நிகராகுவா, அங்கே அரசை விமர்சித்த ஆயர் ரொலாந்தோ ஆல்வரெஸுக்கு 2023இல் 26 ஆண்டு சிறை விதித்து, 2024 ஜனவரியில் நாடு கடத்தினார்கள். ஐந்தாவது, பெயர் சொல்ல முடியாதவர்களுக்கு. அதற்கு முன் ஒரு நிமிடம் மௌனம்.

போனில் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னால் சத்தம் பிந்தி வந்து மோதும். போதாததற்குப் பதில் செபத்தைப் பெரியவர்கள் பழைய வழக்கில் ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ என்பார்கள், பிள்ளைகள் ‘புனித மரியே’ என்பார்கள். மாலையின் மூன்றாம் மணியிலேயே குழம்பிவிடும். ஒருவர் தொடங்கட்டும், ஒருவர் பதில் சொல்லட்டும். மற்றவர்கள் மைக்கை மியூட் செய்துவிட்டு வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர்தான், வீட்டுக்கு ஒரு போன் போதும்.

தேதியில்லாத படங்களை ஃபார்வர்டு செய்ய வேண்டாம். பழையது புதுச் செய்தியாகச் சுற்றும். சிறையில் இருப்பவரின் ஊரை, குடும்பத்தை எழுதினால் அவர்களுக்குத்தான் வினை. துன்புறுத்துவோருக்கும் ஒரு மன்றாட்டு உண்டு (மத்தேயு 5:44), அதில் எந்த மதத்தையும் ஏச வேண்டாம்.

நெட் கட்டானால் விட்ட மணியிலிருந்து வீட்டிலேயே சொல்லி முடிக்கவும்.